முகம் பாராத காதல், ஊர் அறிந்த பாட்டு

பெரிய ஸ்டார்கள் இல்லை. பெரிய பட்ஜெட் இல்லை. இரண்டு மனிதர்கள், ஒரு வெளிநாட்டு நகரம், 35 வருடப் பழைய ஓர் ஆங்கிலப் பாட்டு. 2017இல் பிலிப்பைன்ஸைச் சிரிக்கவைத்து அழவைத்த 'கிட்டா கிட்டா' படமும், அந்த நாட்டின் காதல் சினிமாவைப் பாட்டு வளர்த்தெடுத்த கதையும்.

2017 ஜூலை 19. மணிலாவின் மால் தியேட்டர்களில் ஒரு சின்னப் படம் ரிலீஸானது. ஹீரோ எம்பாய் மார்கேஸ், அதுவரை துணை வேடங்களில் வந்து சிரிக்கவைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்த காமெடி நடிகர். ஹீரோயின் அலெஸாண்ட்ரா டி ரோஸி, அழுத்தமான வேடங்களில் நல்ல பெயர் எடுத்தவர். இந்த இரண்டு பேரையும் ஒரு காதல் படத்தின் போஸ்டரில் சேர்த்துப் பார்ப்போம் என்று பிலிப்பைன்ஸ் ரசிகர்கள் நினைத்ததே இல்லை.

முதல் நாள் பார்த்தவர்கள் இரண்டாம் நாள் நண்பர்களை அழைத்துவந்தார்கள். வாய்வழிப் பேச்சிலேயே தியேட்டர்களின் எண்ணிக்கை கூடியது. கடைசியில் வசூல் 30 கோடி பெசோவைத் தாண்டியது. ஸ்டுடியோக்களுக்கு வெளியே எடுக்கப்பட்ட ஒரு பிலிப்பைன்ஸ் படம் அதுவரை அந்த உயரத்தைத் தொட்டதில்லை.

படத்தோடு சேர்ந்து ஒரு பாட்டும் பட்டிதொட்டியெங்கும் பரவியது. அது புதுப் பாட்டு அல்ல. ஆஸ்திரேலியாவில் உருவான ஏர் சப்ளை குழு 1982இல் வெளியிட்ட 'டூ லெஸ் லோன்லி பீப்பிள் இன் தி வேர்ல்ட்'. அதைக் கேஸி டாண்டிங்கன் என்ற பிலிப்பைன்ஸ் பாடகி இந்தப் படத்துக்காகப் பாடினார். உலகத்தில் தனிமையில் வாடுபவர்களின் கணக்கில் இரண்டு பேர் குறைந்தார்கள் என்பதுதான் அந்தத் தலைப்பின் பொருள். படத்தின் மொத்தக் கதையும் அதுவே.

அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்

கதை நடப்பது ஜப்பானின் வடக்கே, ஹொக்கைடோ தீவின் தலைநகரான சப்போரோவில். லியா அங்கே சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண். ஜப்பானியக் காதலனுடன் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவன் வேறொரு பெண்ணோடு இருப்பதைத் தன் கண்ணாலேயே பார்க்கிறாள். அந்த அதிர்ச்சியில் தற்காலிகமாகப் பார்வை போய்விடுகிறது.

எதிர் வீட்டில் டோன்யோ. அவனும் பிலிப்பைன்ஸ்காரன். சாப்பாட்டோடு வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறப்பதில்லை. மறுநாளும் வருகிறான். மூடிய கதவுக்கு வெளியே நின்றபடி பேசிக்கொண்டே இருக்கிறான். கோபத்தில் இருப்பவளிடம் மெல்ல மெல்லச் சிரிப்பு எட்டிப்பார்க்கிறது. ஒருநாள் கதவு திறக்கிறது. பிறகு இருவரும் அதே நகரத்தைச் சுற்றுகிறார்கள். ஊரைச் சுற்றிக்காட்டுவதையே தொழிலாகக் கொண்டவளுக்கு, அவள் அறிந்த ஊரை இன்னொருவன் வார்த்தைகளால் காட்டுகிறான்.

இயக்குநர் சிக்ரிட் ஆண்ட்ரியா பெர்னார்டோவின் கெட்டிக்காரத்தனம் இந்த அமைப்பில்தான் இருக்கிறது. டோன்யோ எப்படி இருப்பான் என்று லியாவுக்குத் தெரியாது. தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தெரியும். அவன் குள்ளம், அழகன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இவனா காதலன் என்ற கேள்வியோடுதான் நாம் படத்துக்குள் போகிறோம். அவளுக்கு அந்தக் கேள்வியே இல்லை. அவளுக்கு அவன் ஒரு குரல், ஒரு வேளைச் சாப்பாடு, கைபிடித்துக் கூட்டிப்போகிற ஒரு துணை. அரைமணி நேரத்தில் நாமும் அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். பார்வை இழந்த ஒருத்தியின் வழியாக, பார்வையுள்ள ரசிகர்களின் பழக்கத்தைப் படம் மாற்றுகிறது.

இரண்டாம் பாதியில் கதை பின்னோக்கிப் போய், நடந்ததையெல்லாம் டோன்யோவின் பக்கமிருந்து மறுபடி சொல்கிறது. அவன் ஏன் அந்தக் கதவைத் தட்டினான், ஏன் சாப்பாட்டோடு வந்தான் என்பதற்கு விடை அங்கே கிடைக்கிறது. முதல் பாதியில் சிரிப்பு மூட்டிய காட்சிகள் இரண்டாவது முறை வரும்போது தொண்டையை அடைக்கின்றன. படம் பார்க்காதவர்களுக்காக, அதற்கு மேல் சொல்லாமல் விடுகிறேன்.

படத்தின் மீது ஒரு நியாயமான விமர்சனம் உண்டு. பார்வை இல்லாத ஒரு பெண்ணை எதிர் வீட்டு ஆண் கவனித்துக்கொண்டே இருப்பதும், வேண்டாம் என்றபிறகும் தொடர்ந்து வருவதும் காதலா, தொந்தரவா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நல்லவன் என்று கதாசிரியர் நமக்கு முன்பே உறுதி கொடுத்துவிட்டதால்தான் அது திரையில் இனிக்கிறது. நிஜத் தெருவில் அந்த உறுதியை யாரும் கொடுப்பதில்லை. இரண்டாம் பாதி தரும் விளக்கம் இந்தக் குறையைப் பெருமளவு குறைக்கிறது, முழுதாகத் தீர்க்கவில்லை.

ஜோடிகளின் ராஜ்ஜியம்

எம்பாய் மார்கேஸ் ஹீரோவானது ஏன் இவ்வளவு பெரிய செய்தி? பிலிப்பைன்ஸ் சினிமா 'லவ் டீம்' என்ற தூணின் மேல் நிற்கிறது. ஒரு நடிகரையும் நடிகையையும் ஜோடி சேர்த்து, படம், டிவி தொடர், விளம்பரம், மேடை என எல்லா இடத்திலும் ஒன்றாகவே காட்டுவார்கள். ரசிகர் மன்றம் ஆளுக்கு அல்ல, ஜோடிக்கு. ஜோடி பிரிந்தால் நாட்டுக்கே துக்கம்.

1950களில் சம்பகிடா பிக்சர்ஸ், எல்.வி.என். ஸ்டுடியோக்கள் வளர்த்தெடுத்த வழக்கம் இது. குளோரியா ரொமேரோ - லூயிஸ் கொன்சாலெஸ், நிடா பிளாங்கா - நெஸ்டோர் டி வில்லா என்று அந்தக் கால ஜோடிகள். பெரும்பாலும் வெளுத்த தோல், எடுப்பான மூக்கு, ஐரோப்பியக் கலப்பு முகம். அந்த அளவுகோலை முதலில் உடைத்தவர் நோரா அவுனோர். பிகோல் பகுதியில் ரயில் நிலையத்தில் தண்ணீர் விற்ற ஏழைச் சிறுமி, மாநிறம், சிறிய உருவம். 1967இல் ஒரு பாட்டுப் போட்டியில் ஜெயித்து வந்தார். நாடே அவர் குரலுக்கு அடிமையானது. மூன்றாம் டிர்சோ குரூஸுடன் அவர் சேர்ந்த ஜோடி 70களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் இளைஞர்களின் பைத்தியமாக இருந்தது. பின்னாளில் தேசியக் கலைஞர் விருது பெற்ற நோரா, 2025 ஏப்ரலில் மறைந்தபோது நாடு அவரை அரச மரியாதையோடு அனுப்பிவைத்தது.

ஜோடி மோகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2015 ஒரு சான்று. ஆல்டன் ரிச்சர்ட்ஸ், மைன் மெண்டோசா ஆகிய இருவரையும் மதிய நேர டிவி நிகழ்ச்சி ஒன்று தற்செயலாக ஜோடி சேர்த்தது. அக்டோபர் 24 அன்று பிலிப்பைன் அரீனாவில் நடந்த அவர்களின் சிறப்பு நிகழ்ச்சியை ஒட்டி நாலு கோடிக்கு மேல் ட்வீட்கள் குவிந்தன.

இப்படிப்பட்ட ஊரில், முன்பின் ஜோடி சேராத இருவரை வைத்து, அதிலும் ஒரு காமெடி நடிகரைக் காதலனாக்கி ஒரு படம் ஜெயித்தது. நோரா தன் குரலால் உடைத்த சுவரில் எம்பாய் தன் பேச்சால் இன்னொரு ஓட்டை போட்டார்.

இதில் தயாரிப்பாளர்களின் துணிச்சலும் சேர்த்தி. படத்தை எடுத்தது ஸ்பிரிங் ஃபிலிம்ஸ். அதன் பின்னால் இருப்பவர்களில் ஒருவர் பியோலோ பாஸ்குவால், பிலிப்பைன்ஸின் மிக அழகான ஹீரோக்களில் ஒருவர் என்று பல ஆண்டுகளாகக் கொண்டாடப்படுபவர். இன்னொருவர் இயக்குநர் ஜாய்ஸ் பெர்னால். லவ் டீம் சினிமாவின் உள்ளும் புறமும் தெரிந்தவர்களே அதற்கு வெளியே பணம் போட்டார்கள்.

ரெக்கார்டு கம்பெனி எடுத்த படம்

பாட்டுக்கு வருவோம். பிலிப்பைன்ஸ் காதல் படங்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே ஒன்று புரியும். பாதிப் படங்களின் பெயர் ஏற்கெனவே வந்த ஒரு பாட்டின் பெயர்.

இதற்கு வியாபாரக் காரணம் உண்டு. 1981இல் தொடங்கிய விவா ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் வேர் சினிமாவில் இல்லை, இசைத்தட்டில் இருக்கிறது. அதைத் தொடங்கிய விக் டெல் ரொசாரியோ, அதற்கு முன்பே விகோர் மியூசிக் என்ற ரெக்கார்டு கம்பெனியை நடத்தியவர். விவாவின் முதல் படமே 'பி.எஸ். ஐ லவ் யூ'. ஹீரோயின் ஷரோன் குனேட்டா, 1978இல் 'மிஸ்டர் டீஜே' பாட்டால் பள்ளிப் பருவத்திலேயே புகழ்பெற்ற பாடகி. பாட்டு ரேடியோவில் ஓடும், அதைப் பாடியவரே படத்தில் நடிப்பார், படம் ஓடினால் ரெக்கார்டு விற்கும். இரண்டு கல்லாப்பெட்டியும் ஒருவருடையதே. 1985இல் வந்த 'பிதுயிங் வலாங் நிங்னிங்' படத்தில் ஷரோன் பாடிய தலைப்புப் பாட்டு இன்றுவரை பிலிப்பைன்ஸ் மேடைகளில் ஒலிக்கிறது. அதை எழுதியவர் வில்லி குரூஸ்.

1993இல் ஏ.பி.எஸ்.-சி.பி.என். டிவி குழுமம் ஸ்டார் சினிமாவைத் தொடங்கியதும் அதே சூத்திரத்தை எடுத்துக்கொண்டது. 1995இல் வந்த 'சனா மவுலிட் முலி' படத்தின் பெயர் கேரி வேலன்சியானோவின் பாட்டிலிருந்து வந்தது. பிறகு ஆங்கிலப் பாட்டுகளின் காலம். 2002இல் 'காட் டு பிலீவ்', டேவிட் பொமரன்ஸின் பழைய பாட்டு. அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் ஹீரோ ரிகோ யான் 27 வயதில் தூக்கத்தில் இறந்துபோனார். இன்றும் பிலிப்பைன்ஸில் அந்தப் பாட்டைக் கேட்டால் அவர் முகம்தான் முதலில் வரும். 2006இல் 'டோன்ட் கிவ் அப் ஆன் அஸ்', டேவிட் சோலின் 70களின் ஹிட். அதை இயக்கியவர் இதே ஜாய்ஸ் பெர்னால், நடித்தவர் இதே பியோலோ பாஸ்குவால். 2008இல் 'எ வெரி ஸ்பெஷல் லவ்'. அதில் நடித்துத் தலைப்புப் பாட்டையும் பாடினார் சாரா ஜெரோனிமோ.

'கிட்டா கிட்டா' இந்த நீண்ட வரிசையில் வருகிற படம். அது ஏர் சப்ளை பாட்டை எடுத்தது தற்செயல் அல்ல.

இரவல் பாட்டு எப்படிச் சொந்தமாகும்?

பிலிப்பைன்ஸ்காரர்கள் ஏன் ஆங்கிலப் பாட்டுகளை இப்படி நேசிக்கிறார்கள்? 300 ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயின் ஆட்சி, பிறகு 1898 முதல் அமெரிக்க ஆட்சி. பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில் நடந்தது. 1946இல் சுதந்திரம் வந்தபிறகும் கிளார்க், சூபிக் தளங்களில் அமெரிக்கப் படைகள் 90களின் தொடக்கம்வரை இருந்தன. தளங்களைச் சுற்றிய கிளப்புகளில் உள்ளூர் இசைக்குழுக்கள் இரவிரவாக அமெரிக்கப் பாட்டுகளை வாசித்தன. ஆசியாவின் ஓட்டல்களிலும் உலகத்தின் சொகுசுக் கப்பல்களிலும் பிலிப்பைன்ஸ் இசைக்குழு இல்லாத இடம் குறைவு. அமெரிக்காவின் ஜர்னி ராக் குழு 2007இல் புதுப் பாடகரைத் தேடியபோது, மணிலாவில் பாடிக்கொண்டிருந்த ஆர்னல் பினேடாவை யூடியூபில் கண்டெடுத்தது. அவர் ஒரு காலத்தில் தெருவில் படுத்துறங்கிய சிறுவன்.

இதை வெறும் காலனியாதிக்க மோகம் என்று ஒதுக்குபவர்கள் அங்கேயே உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மையும் உண்டு. ஆனால் 'கிட்டா கிட்டா'வின் பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டால் வேறொன்றும் புரிகிறது.

அசல் பாட்டை எழுதியவர்கள் ஹோவர்ட் கிரீன்ஃபீல்டும் கென் ஹிர்ஷும். கிரீன்ஃபீல்ட் 60களில் நீல் செடாகாவோடு சேர்ந்து பல ஹிட்டுகளைக் கொடுத்த அமெரிக்கப் பாடலாசிரியர். ஏர் சப்ளையின் ரஸ்ஸல் ஹிட்ச்காக் அதைப் பாடியது 80களின் பாணியில். குரல் மேலே மேலே ஏறும், கூடவே இசையும் பெருகும். இனிமேல் எந்தக் கவலையும் இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்லும் காதலனின் குரல் அது.

கேஸி டாண்டிங்கன் அந்த உற்சாகத்தை அடக்கிவிட்டார். வேகம் குறைவு, வாத்தியங்கள் குறைவு. மூச்சுக் காற்று கலந்த குரலில், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதுபோலப் பாடுகிறார். வார்த்தைகள் அதே ஆங்கில வார்த்தைகள். கொண்டாட்டமாக இருந்த பாட்டு நினைவாகிவிட்டது. கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லும் பாட்டு, கிடைத்துக் கைநழுவிய சந்தோஷத்தைச் சொல்வதுபோல ஆகிவிட்டது. படத்தின் இரண்டாம் பாதிக்குத் தேவைப்பட்டது இதுதான். ரசிகர்களின் அம்மா அப்பா காலத்துப் பாட்டு என்பதால், முதல் சுரத்திலேயே மனது இளகிவிடுகிறது. அங்கிருந்து அவர்கள் எதிர்பார்க்காத இடத்துக்குக் கேஸி கூட்டிப்போகிறார்.

இது அவருடைய தனித் திறமை. மிண்டனாவோ தீவின் டிகோஸ் நகரத்துப் பெண், 2012இல் 'எக்ஸ் ஃபேக்டர்' பிலிப்பைன்ஸ் போட்டியில் ஜெயித்தவர். 2018இல் சீனாவின் 'சிங்கர்' டிவி போட்டியில் அடேலின் 'ரோலிங் இன் தி டீப்' பாட்டைப் பாடியபோது நடுவில் தாகலோக் மொழியில் ராப் சேர்த்தார். அந்தச் சுற்றில் பிரிட்டனின் ஜெஸ்ஸி ஜே உட்பட எல்லோரையும் தாண்டி முதலிடம் பிடித்தார். அயலார் பாட்டுக்குள் நுழைந்து தன் வீடாக்கிக்கொள்ளும் வித்தை அவருக்குக் கைவந்தது.

ஐந்து பெசோவுக்கு ஒரு பாட்டு

சினிமாப் பாட்டு பிலிப்பைன்ஸில் தியேட்டரோடு முடிவதில்லை. அது வீடியோகேவுக்குப் போகும். கரோக்கேவை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். தெருமுனைக் கடையில் அலமாரி உயரத்துக்கு ஒரு பெட்டி, அதில் ஒரு டிவி, நாணயம் போட ஒரு துளை. ஐந்து பெசோ போட்டு, தடித்த புத்தகத்தைப் புரட்டிப் பாட்டின் எண்ணை அழுத்தினால் திரையில் வரிகள் ஓடும். பாடி முடித்ததும் பெட்டியே நூற்றுக்கு இவ்வளவு என்று மார்க் போடும். பிறந்தநாள், ஞானஸ்நானம், ஊர்த் திருவிழா, ஏன், சாவு வீட்டில் இரவு விழித்திருக்கும்போதுகூட இந்தப் பெட்டி வாடகைக்கு வந்து நிற்கும்.

கரோக்கேவைக் கண்டுபிடித்தவர் என்று உலகம் பெரும்பாலும் சொல்வது ஜப்பானின் டைசுகே இனோவேயை, 1971இல். அவர் காப்புரிமை வாங்கவில்லை. வாங்கியவர் பிலிப்பைன்ஸின் ரொபெர்டோ டெல் ரொசாரியோ. தன் 'சிங் அலாங் சிஸ்டம்' கருவிக்கு 80களில் அவர் பெற்ற உரிமையை 1996இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

இந்தப் பெட்டிக்கும் காதல் சினிமாவுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. பிலிப்பைன்ஸ் ரசிகருக்குப் பாட்டு என்பது கேட்பதற்கு மட்டும் அல்ல, பாடுவதற்கு. ஏர் சப்ளையின் பாட்டைத் தெருக்கடையில் பாடிப் பழகியவர்கள்தான் தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள். இயக்குநருக்கு அது ஒரு முதலீடு. காட்சி தொடங்கும்போதே ரசிகரின் உதடு அசையத் தயாராக இருக்கிறது.

காதலுக்கு ஏன் பாஸ்போர்ட்?

'கிட்டா கிட்டா' ஏன் சப்போரோவில் நடக்க வேண்டும்? அழகான ஊர் என்பது மேம்போக்கான பதில். பிலிப்பைன்ஸ் காதல் படங்கள் வெளிநாட்டில் நடப்பதற்கு ஆழமான காரணம் இருக்கிறது.

1974இல் அதிபர் மார்கோஸின் ஆட்சி கொண்டுவந்த தொழிலாளர் சட்டம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை அரசின் கொள்கையாக்கியது. தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கியது நிரந்தரமானது. நர்ஸ், மாலுமி, வீட்டு வேலை, கட்டட வேலை என்று பல லட்சம் பேர் உலகமெங்கும் போனார்கள். இன்று அவர்கள் ஆண்டுக்கு 3,000 கோடி டாலருக்கு மேல் ஊருக்கு அனுப்புகிறார்கள். தாயை அல்லது தகப்பனைத் தொலைபேசியில் மட்டும் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே அங்கே இருக்கிறது.

சினிமா இதை விடாமல் பதிவுசெய்தது. 1995இன் 'சனா மவுலிட் முலி' காதலர்களை அமெரிக்கா பிரித்தது. 2004இல் 'மிலன்', 2005இல் 'துபாய்', 2016இல் 'பார்சிலோனா'. படத்தின் பெயரே ஊர்ப் பெயர். 2019இன் 'ஹலோ, லவ், குட்பை' ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் ஜாய் என்ற பெண்ணின் கதை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் ஹாங்காங் சென்ட்ரல் பகுதியின் நடைபாதைகளிலும் மேம்பாலங்களிலும் அட்டை விரித்து உட்கார்ந்து, சாப்பாட்டைப் பகிர்ந்து, ஊருக்குப் பேசும் ஆயிரக்கணக்கான பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் புனைவாகத் தெரியாது. கனடாவுக்குப் போக வேண்டும் என்ற லட்சியத்துக்கும் காதலுக்கும் நடுவே ஜாய் நிற்கிறாள். அந்தப் படம் 88 கோடி பெசோ வசூலித்து அன்றைய சாதனைகளை எல்லாம் முறியடித்தது. 2024இல் வந்த இரண்டாம் பாகமான 'ஹலோ, லவ், அகெய்ன்' கனடாவில் நடக்கிறது. நூறு கோடி பெசோவைத் தாண்டிய முதல் பிலிப்பைன்ஸ் படம் அது.

இந்தப் பின்னணியில் லியாவையும் டோன்யோவையும் பாருங்கள். வெளிநாட்டில் பார்வை போய்த் தனியாகக் கிடக்கும் ஒருத்தியின் கதவை ஒருவன் தட்டி, அவள் தாய்மொழியில் பேசுகிறான். அவன் கொண்டுவருவது சாப்பாடு. ரியாத்திலோ ரோமிலோ அறை வாடகையைப் பங்கிட்டு வாழ்ந்த ஒரு பிலிப்பைன்ஸ் தொழிலாளிக்கு அந்தக் காட்சியின் எடையை யாரும் விளக்க வேண்டியதில்லை. தனிமையில் வாடுபவர்களில் இரண்டு பேர் குறைந்தார்கள் என்ற பாட்டு ஏன் அவர்களைக் கலங்கடித்தது என்பதையும் விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் எடுத்த காதல் படங்கள்

இன்னொரு செய்தியை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் வந்த படங்களில் பெரும்பாலானவற்றை இயக்கியவர்கள் பெண்கள். 'சனா மவுலிட் முலி', 'காட் டு பிலீவ்', 'மிலன்', 'பார்சிலோனா' எல்லாம் ஒலிவியா லமாசன் எடுத்தவை. 'துபாய்' ரோரி குவின்டோஸ் எடுத்தது. 'எ வெரி ஸ்பெஷல் லவ்', 'ஹலோ, லவ், குட்பை', 2007இல் வந்த புகழ்பெற்ற 'ஒன் மோர் சான்ஸ்' ஆகியவை கேத்தி கார்சியா-மொலினாவின் படங்கள்.

2014இல் அன்டோனெட் ஹடவோனே எடுத்த 'தட் திங் கால்டு தடனா' ஒரு திருப்பம். ரோம் விமான நிலையத்தில் அதிகப்படி லக்கேஜோடு திண்டாடும் ஒருத்தி, உதவ வரும் ஒருவன். பிறகு பாகியோ, சகாடா மலைகள் வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே போகிறார்கள். திரைப்பட விழாவுக்காகச் சின்னச் செலவில் எடுத்த படம், தியேட்டருக்கு வந்து 13 கோடி பெசோவுக்கு மேல் வசூலித்தது. படம் பார்த்த இளைஞர்கள் சகாடாவுக்குக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிப்போனார்கள். 'கிட்டா கிட்டா'வுக்கு வழி திறந்தது அந்த வெற்றி.

இத்தனை பெண்கள் வணிக சினிமாவின் மையத்தில் நின்று, வசூல் சாதனைகளைத் தாங்களே படைத்துத் தாங்களே முறியடிக்கும் இன்னொரு திரையுலகத்தைக் காட்டுவது கடினம். அதன் பலன் திரையில் தெரிகிறது. இந்தப் படங்களின் நாயகிகளுக்கு வேலை இருக்கிறது, சம்பளக் கவலை இருக்கிறது, குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் பொறுப்பு இருக்கிறது. காதலுக்காக அதையெல்லாம் தூக்கி எறிய அவர்கள் தயாராக இல்லை.

தாய்மொழிப் பாட்டின் காலம்

ஆங்கிலப் பாட்டின் ஆதிக்கத்தை எதிர்த்து உள்ளூர் இசையும் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. ஓ.பி.எம். என்று அவர்கள் சொல்வது சொந்தமாக எழுதி இசையமைத்த பிலிப்பைன்ஸ் பாட்டுகளை. 1987இல் அதிபர் கொராசோன் அக்கினோ பிறப்பித்த நிர்வாக ஆணை 255, ரேடியோ நிலையங்கள் தங்கள் இசை நிகழ்ச்சிகளில் மணிக்கு நான்கு உள்ளூர்ப் பாட்டுகளையாவது ஒலிபரப்ப வேண்டும் என்றது.

ஆணையால் மட்டும் ரசனை மாறாது. நல்ல பாட்டுகள் வந்தன, மாறியது. பென்&பென் குழுவின் 'மேபி தி நைட்' 2018இல் 'எக்ஸஸ் பேக்கேஜ்' படத்தின் வழியே பரவியது. மணிலாவின் பெட்டா நாடகக் குழு 2024இல் 'ஒன் மோர் சான்ஸ்' படத்தை இசை நாடகமாக்கியபோது, கதை முழுக்க பென்&பென் பாட்டுகளையே பயன்படுத்தியது. படத்தைப் பார்த்து அழுத தலைமுறையும் அந்தக் குழுவின் பாட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறையும் ஒரே அரங்கில் உட்கார்ந்தார்கள்.

'ஹலோ, லவ், அகெய்ன்' படத்தோடு ஒலித்த 'பலகி' பிலிப்பைன்ஸ் மொழிப் பாட்டு. எழுதியவர் டி.ஜே. மொன்டெர்டே, படத்துக்காக அதை அவரோடு சேர்ந்து பாடியவர் அவர் மனைவி. அந்த மனைவி வேறு யாருமல்ல, கேஸி டாண்டிங்கன். 2017இல் அயல்மொழிப் பாட்டால் நாட்டை உருகவைத்த அதே குரல், ஏழு ஆண்டுகள் கழித்துச் சொந்த மொழிப் பாட்டோடு நாட்டின் மிகப் பெரிய வெற்றிப் படத்தில் ஒலித்தது.

விழாக்களுக்கு அப்பால்

பிலிப்பைன்ஸ் சினிமா என்றதும் உலகத் திரைப்பட விழாக்கள் சொல்லும் பெயர்கள் வேறு. மணிலாவின் வறுமையைப் படமாக்கிய லீனோ புரோக்கா, 2009இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்ற பிரிலான்டே மெண்டோசா, 2016இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்ற லாவ் டியாஸ். மூவரும் மேதைகள், சந்தேகமில்லை. ஆனால் அந்த நாட்டு மக்கள் சனிக்கிழமை மாலை வரிசையில் நின்று பார்ப்பதும், ஞாயிற்றுக்கிழமை வீடியோகேவில் பாடுவதும் வேறு படங்கள். காதல் காமெடி என்பதாலேயே விழாக்களும் விமர்சகர்களும் அவற்றைத் தாண்டிப்போய்விடுகிறார்கள்.

அது தவறு. அரை நூற்றாண்டாக ஒரு நாடு தன் மக்களை வெளியே அனுப்பிவைத்து வாழ்கிறது. அந்தப் பிரிவு மனிதர்களுக்குள் என்ன செய்தது என்பதை அரசு அறிக்கைகளைவிட நேர்மையாக இந்தப் படங்கள் சொல்கின்றன. சிரிக்கவைத்துச் சொல்வதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. 'கிட்டா கிட்டா' அந்த வகையில் மிகச் சிறந்த படங்களில் ஒன்று. அழகு, ஜோடி, பட்ஜெட் என்ற மூன்று ஊன்றுகோலும் இல்லாமல், ஒரு நல்ல கதையையும் ஒரு பழைய பாட்டையும் நம்பி அது நின்று ஜெயித்தது.

சப்டைட்டிலோடு கிடைத்தால் தவறவிடாதீர்கள். முதலில் ஏர் சப்ளையின் பாட்டைக் கேளுங்கள், பிறகு படத்தைப் பாருங்கள், கடைசியாகக் கேஸியின் குரலில் அதே பாட்டைக் கேளுங்கள். நம் விழாக்களில் பிலிப்பைன்ஸ் படங்களைத் தேர்ந்தெடுக்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஒரு மேதையின் படத்தோடு, அந்த மக்கள் பாடிக்கொண்டே வீடு திரும்பிய ஒரு காதல் படத்தையும் சேர்த்துத் திரையிடுங்கள்.